லாப்லாஸ் கட்டிய பந்தயம்

பத்து லட்சத்துக்கு ஒன்று!

இப்படி யாராவது பந்தயம் கட்ட வந்தால் என்ன நினைப்போம்? ஆசாமிக்கு விஷயம் அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் மரை கழன்றிருக்க வேண்டும். சுமார் இருநூறு வருஷங்களுக்கு முன்னால் பாரிசில் இப்படி ஒரு பந்தயத்தை அச்சிலேயே ஏற்றியவர் பியர் சிமோன் லாப்லாஸ். கணிதத்தில் அந்தக் காலத்து ஐரோப்பாவே அண்ணாந்து பார்த்த ஆள். 1799-ல் நெப்போலியன் ஆட்சியைப் பிடித்த சூட்டோடு இவரை உள்துறை மந்திரியாக்கிப் பார்த்தார். ஆறே வாரத்தில் பதவி போய்விட்டது. ஆனால் கிரகங்கள் விஷயத்தில் லாப்லாஸை அசைக்க ஆளில்லை.

பந்தயமும் கிரகத்தைப் பற்றியதுதான். சூரியனின் நிறையை 1,071 பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் வியாழன். இந்தக் கணக்கில் நூற்றில் ஒரு பங்குகூடத் தப்பு இருக்காது. பத்து லட்சத்துக்கு ஒன்று வைக்கிறேன் என்றார். கையோடு சனி கிரகத்துக்கும் ஒரு பந்தயம். அது சூரியனில் 3,512-ல் ஒரு பங்கு. அதற்கு அவ்வளவு தைரியம் வரவில்லை போலிருக்கிறது, பதினோராயிரத்துக்கு ஒன்றுதான் வைத்தார்.

யார் ஜெயித்தார்கள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இந்தப் பந்தயத்துக்காக அவர் போட்ட கணக்குதான் நம்ம விஷயம். இன்று காலேஜில் லீனியர் அல்ஜீப்ரா படிக்கிற எல்லாப் பிள்ளைகளும் அந்தக் கணக்கைப் போட்டே ஆக வேண்டும். ஆனால் பாடப்புத்தகத்தில் அதற்கு லாப்லாஸ் பெயர் கிடையாது. 'கிராம்-ஷ்மிட் முறை' என்று போட்டிருக்கும். படிக்கிற காலத்தில் நான் அதை ஒரே ஆளின் பெயர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நடுவில் கோடு போட்டு இரண்டு குடும்பப் பெயர் வைத்துக்கொள்கிற வெள்ளைக்காரர்கள் இருக்கிறார்களே, அந்த மாதிரி!

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். பயப்பட வேண்டாம், கூட்டல் கழித்தல் பெருக்கல்தான்.

ஒருவருக்கு வழி சொல்கிறீர்கள். "கிழக்கே மூணு கிலோமீட்டர், வடக்கே நாலு கிலோமீட்டர்." குழப்பமே இல்லை. ஏன்? கிழக்கும் வடக்கும் ஒன்றுக்கொன்று செங்குத்து. கிழக்கே எவ்வளவு போனாலும் வடக்கே ஓர் அங்குலம்கூட நகர்ந்திருக்க மாட்டீர்கள். ஒன்றின் கணக்கில் மற்றது தலையிடாது. இதையே "வடக்கே இவ்வளவு, வடகிழக்கே இவ்வளவு" என்று சொல்லிப் பாருங்கள். வடகிழக்கில் வைக்கிற ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் வடக்கும் கலந்திருக்கிறது. ஒன்றை மாற்றினால் இன்னொன்றையும் மாற்ற வேண்டும். ஊர் போய்ச் சேரலாம், ஆனால் கணக்கு சிக்கல்.

ஒன்றுக்கொன்று செங்குத்தாக, ஒவ்வொன்றும் சரியாக ஓர் அலகு நீளத்தில் இருக்கிற திசைகளின் தொகுப்பைத்தான் கணிதக்காரர்கள் ஆர்த்தோநார்மல் பேஸிஸ் என்கிறார்கள். கொத்தனார் கையில் இருக்கிற மூலைமட்டத்தின் கௌரவமான பெயர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

வாழ்க்கையில் நமக்குக் கிடைக்கிற திசைகள் பெரும்பாலும் கோணல். அவற்றை மூலைமட்டத்துக்குக் கொண்டுவருவது எப்படி? இரண்டு கம்புகளை ஒரே இடத்திலிருந்து தரையில் படுக்க வைத்திருக்கிறோம். முதல் கம்பின் நுனி கிழக்கே 3 அடி, வடக்கே 4 அடியில் இருக்கிறது. இரண்டாவதன் நுனி கிழக்கே 2 அடி, வடக்கே 11 அடியில். முதல் கம்பின் நீளம் 5 அடி (பைதகரஸ் உபயம்). அதை ஓர் அடியாகச் சுருக்கினால் கிழக்கே 0.6, வடக்கே 0.8. முதல் திசை ரெடி. இப்போது இரண்டாவது கம்பின் நிழல் முதல் திசையின் மேல் எவ்வளவு தூரம் விழுகிறது என்று பார்க்க வேண்டும். 2-ஐ 0.6-ஆல் பெருக்கி, 11-ஐ 0.8-ஆல் பெருக்கிக் கூட்டினால் 10. அதாவது இரண்டாவது கம்புக்குள் முதல் திசை பத்து அடிக்கு ஒளிந்துகொண்டிருக்கிறது. அந்தப் பத்து அடி என்பது கிழக்கே 6, வடக்கே 8. அதைக் கழித்துவிடுங்கள். மிச்சம், மேற்கே 4, வடக்கே 3. நீளம் மறுபடி 5. ஓர் அடியாகச் சுருக்கினால் மேற்கே 0.8, வடக்கே 0.6. முதல் திசைக்குக் கன கச்சிதமான செங்குத்து!

மூன்றாவது கம்பு இருந்தால் அதிலிருந்து முதல் திசையின் நிழல், இரண்டாவது திசையின் நிழல் இரண்டையும் கழிக்க வேண்டும். நான்காவது என்றால் மூன்று நிழல்கள். அவ்வளவுதான் சூத்திரம்.

இனி லாப்லாஸ். வியாழனைத் தராசில் தூக்கி வைக்க முடியாது. அதற்குப் பக்கத்து வீட்டுக்காரரான சனியைப் பார்க்க வேண்டும். வியாழன் இழுக்கிற இழுப்பில் சனி தன் பாதையிலிருந்து கொஞ்சம் விலகுகிறது. எவ்வளவு விலகுகிறதோ அதை வைத்து வியாழன் எத்தனை கனம் என்று சொல்லிவிடலாம். காகிதத்தில் சுலபம். ஆனால் சனியின் பாதையே துல்லியமாகத் தெரியாது. யுரேனஸ் வேறு தன் பங்குக்கு இழுக்கிறது. ஆக, தெரிந்துகொள்ள வேண்டியவை 6 விஷயங்கள். அதற்குக் கையில் இருந்தவை 129 சமன்பாடுகள். ஒவ்வொன்றும் ஒரு வானவியல் பதிவு, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பிழை.

இந்தச் சமன்பாடுகளைத் தயார் செய்து கொடுத்தவர் அலெக்ஸி பூவார். ஆல்ப்ஸ் மலைக் கிராமம் ஒன்றில் பிறந்து, பாரிசுக்கு வந்து, லாப்லாஸுக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பதையே வாழ்க்கையாக்கிக்கொண்டவர். கால்குலேட்டர் கிடையாது. பேனா, மை, மடக்கை அட்டவணை. லாப்லாஸின் புகழுக்குப் பின்னால் பூவாரின் தேய்ந்த விரல்களும் இருக்கின்றன. இவரே 1821-ல் யுரேனஸுக்குப் போட்ட அட்டவணை சில வருஷங்களிலேயே வானத்தோடு ஒத்துப்போகாமல் போனது. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கிரகம் அதை இழுக்கிறதோ என்று சந்தேகப்பட்டார். 1843-ல் இறந்துபோனார். மூன்றே வருஷத்தில், 1846-ல், நெப்ட்யூனைக் கண்டுபிடித்தார்கள்.

129 சமன்பாடு, 6 மர்மங்கள். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் திருப்திப்படுத்துகிற விடை கிடையாது. பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டினால் மிகக் குறைவாக வருகிற விடையைத் தேர்ந்தெடு என்பது அப்போது புதிதாக வந்திருந்த முறை. லீஸ்ட் ஸ்கொயர்ஸ் என்று பெயர். 1805-ல் பிரெஞ்சுக்காரர் லெஜாந்தர் அதை வெளியிட்டார். 1809-ல் ஜெர்மனியின் காஸ், "இதை நான் 1795-லிருந்தே பயன்படுத்திக்கொண்டிருக்கிறேனே" என்கிற ரீதியில் எழுதினார். லெஜாந்தருக்கு வந்ததே கோபம்! கடைசிவரை அவருக்கு மனசு ஆறவில்லை. இந்தச் சண்டையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

லாப்லாஸுக்கு ஆறு விடைகளும் வேண்டாம். வியாழனின் நிறை ஒன்று போதும். கூடவே, அந்த விடையை எவ்வளவு நம்பலாம் என்றும் தெரிய வேண்டும். அவர் செய்தது இதுதான். ஒவ்வொரு மர்மத்துக்கும் 129 எண்கள் கொண்ட ஒரு பத்தி இருக்கிறது. அதை 129 திசைகள் உள்ள ஓர் அறையில் கிடக்கிற கம்பு என்று கற்பனை செய்யுங்கள். (முடியவில்லையா? யாராலும் முடியாது. இரண்டு கம்பை வைத்தே நினைத்துக்கொள்ளுங்கள், கணக்கு ஒன்றுதான்.) ஆறு கம்புகள், எல்லாமே ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன. கடைசிக் கம்பை எடுத்து, அதன் நிழலை மற்ற ஐந்திலிருந்தும் நீக்கினார். மிச்சமிருந்த ஐந்தில் கடைசியை எடுத்து மற்ற நான்கிலிருந்து. இப்படியே போய்க் கடைசியில் வியாழனின் கம்பு மட்டும், மற்ற எல்லாவற்றுக்கும் செங்குத்தாகத் தனியே நின்றது.

இதில் ஒரு அழகு உண்டு. கடைசியில் மிஞ்சுகிற அந்தக் கம்பு எவ்வளவு நீளமோ, விடை அவ்வளவு நம்பகமானது. நிழல்களையெல்லாம் கழித்த பிறகு குச்சி மாதிரி ஏதோ மிஞ்சினால், வியாழனின் தாக்கத்தையும் மற்றவற்றின் தாக்கத்தையும் நம்மால் சரியாகப் பிரிக்க முடியவில்லை என்று அர்த்தம். லாப்லாஸுக்கு மிஞ்சிய கம்பு நல்ல நீளம். பிழைகளின் அளவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார். பத்து லட்சத்துக்கு ஒன்று என்று வந்தது. நிகழ்தகவு பற்றிய தன் பெரிய புத்தகத்தின் மூன்றாம் பதிப்பில், 1820-ல், அனுபந்தமாகச் சேர்த்துவிட்டார். அதோடு அது அங்கேயே தூங்கிப்போனது.

இப்போது டென்மார்க்குக்குப் போவோம். யோர்கன் பீடர்சன் கிராம். 1850-ல் பிறந்தவர். கோபன்ஹேகனில் கணிதம் படித்துவிட்டு, 1875-ல் ஹாஃப்னியா என்கிற இன்ஷூரன்ஸ் கம்பெனியில் உதவியாளராகச் சேர்ந்தார். யார் எப்போது சாவார்கள், எவ்வளவு பிரீமியம் வாங்கலாம் என்கிற கணக்கு அவரை நிகழ்தகவுக்கும் லீஸ்ட் ஸ்கொயர்ஸுக்கும் இழுத்துக்கொண்டு போனது. நடுவில் காட்டு மரங்களை எப்படிப் பராமரித்து வெட்டுவது என்பதற்கும் கணித மாதிரி போட்டுப் பார்த்திருக்கிறார். பகலெல்லாம் ஆபீஸ், மிச்ச நேரத்தில் ஆராய்ச்சி.

அவருக்கு ஒரு நியாயமான எரிச்சல் இருந்தது. புள்ளிவிவரங்களுக்கு நடுவே ஒரு கோடு வரைகிறீர்கள். சரியாகப் பொருந்தவில்லை, கொஞ்சம் வளைக்கலாம் என்று கூட ஓர் உறுப்பைச் சேர்க்கிறீர்கள். உடனே ஏற்கெனவே கஷ்டப்பட்டுப் போட்டு வைத்த எண்களெல்லாம் மாறிப்போகின்றன. முதலிலிருந்து ஆரம்பி! இன்னும் ஓர் உறுப்பா? மறுபடியும் முதலிலிருந்து. வடக்கு, வடகிழக்கு கதைதான். கிராம் 1879-ல் தன் டாக்டர் பட்ட ஆய்வில் இதற்கு வழி கண்டார். சேர்க்கப்போகிற ஒவ்வொரு உறுப்பிலிருந்தும் முந்தையவற்றின் நிழலைக் கழித்துவிட்டுச் சேர்த்தால், பழைய எண்கள் அப்படியே நிற்கும். புதிசு வந்து பழசைக் கலைக்காது. 1883-ல் இதை ஜெர்மன் மொழியில் எழுதிப் பெரிய பத்திரிகை ஒன்றில் வெளியிட்டார். அடுத்த வருஷமே ஸ்கியோல் என்ற பெயரில் சொந்தமாக ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆரம்பித்து, 1910 வரை நடத்தினார். கடைசிவரை அவர் புரொஃபசர் உத்தியோகம் பார்த்தவரே இல்லை. ஆனாலும் 1903-ல், ரீமன் என்பவர் விட்டுச் சென்ற பிரபலமான புதிரில் முதல் 15 பூஜ்யங்களைக் கையால் கணக்கிட்டுக் கொடுத்தார்.

1916 ஏப்ரலில் கோபன்ஹேகனில் டேனிஷ் அறிவியல் கழகத்தின் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு சைக்கிள் வந்து மோதியது. இறந்துபோனார். 65 வயது. விபத்துகளுக்கு இன்ஷூரன்ஸ் கணக்குப் போட்ட மனுஷர்.

அடுத்தவர் எர்ஹார்ட் ஷ்மிட். 1876-ல், இன்று எஸ்டோனியாவில் டார்ட்டு என்று அழைக்கப்படுகிற ஊரில் பிறந்தவர். ஜெர்மனியில் ஹில்பர்ட் என்கிற மாமேதையிடம் 1905-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். இவருக்குக் கம்பும் இல்லை, கிரகமும் இல்லை. ஒரு வளைகோட்டையே திசையாக வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்ட கோஷ்டி இது. அப்படிப் பார்த்தால் திசைகளுக்கு முடிவே கிடையாது. அந்த எல்லையற்ற அறையிலும் மூலைமட்டம் வைக்கலாம், நிழலைக் கழிக்கலாம் என்று 1907-ல் வெளியிட்ட கட்டுரையில் ஷ்மிட் காட்டினார். இருபது வருஷம் கழித்துக் குவாண்டம் இயற்பியலுக்குக் கணித மொழி தேவைப்பட்டபோது, இந்த அறைதான் தயாராக இருந்தது.

அந்தக் கட்டுரையில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஓர் அடிக்குறிப்பு. இந்தச் சூத்திரங்கள் சாராம்சத்தில் கிராம் ஏற்கெனவே கொடுத்தவைதான் என்று ஷ்மிட்டே எழுதி வைத்துவிட்டார். யோசித்துப் பாருங்கள். ஷ்மிட் இளைஞர், முப்பத்தொரு வயது. ஹில்பர்ட்டின் சிஷ்யர். சொல்லாமல் விட்டிருந்தால் பெயர் முழுக்க அவருக்கே போயிருக்கும், கோபன்ஹேகனிலிருந்து ஓர் இன்ஷூரன்ஸ்காரர் சண்டைக்கா வரப்போகிறார்? லெஜாந்தரும் காஸும் மல்லுக்கு நின்றதைச் சொன்னேனே, அதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்த ஒரு வரியின் பெருந்தன்மை தெரியும். 1935-ல் ஒய். கே. வாங் என்பவர் புள்ளியியல் பத்திரிகை ஒன்றில் எழுதியபோது இரண்டு பெயரையும் சேர்த்துப் போட்டார். அது ஒட்டிக்கொண்டது. அடிக்குறிப்பு புண்ணியத்தில் கிராம் பிழைத்தார். லாப்லாஸ் அடிக்குறிப்பிலும் இல்லை, பெயரிலும் இல்லை.

கதை இங்கே முடிந்திருக்கலாம். கம்ப்யூட்டர் வந்து கெடுத்தது.

காகிதத்தில் இந்த முறை அப்பழுக்கற்றது. கம்ப்யூட்டரோ எந்த எண்ணையும் சில இலக்கங்களோடு வெட்டிவிடும். இரண்டு கம்புகள் கிட்டத்தட்ட ஒரே திசையில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். நிழலைக் கழிப்பது என்பது 1.000-லிருந்து 0.999-ஐக் கழிக்கிற மாதிரி. மிச்சம் 0.001. மூன்று தசம இடத்துக்கு மேல் தெரியாத மெஷினில் அந்த மிச்சத்தில் எது நிஜம், எது வெட்டியதால் வந்த குப்பை? சொல்ல முடியாது. அந்தக் குப்பையைத்தான் மெஷின் ஓர் அலகு நீளத்துக்குப் பெரிதாக்கி, "இந்தாருங்கள், செங்குத்துத் திசை" என்று நீட்டும். அளந்து பார்த்தால் கோணல்!

1960-களில் இதைத் தீவிரமாக ஆராய்ந்தார்கள். 1966-ல் அமெரிக்காவின் ஜான் ரைஸ் பரிசோதித்துக் காட்ட, 1967-ல் ஸ்வீடனின் ஓகே பியோர்க் கணித ரீதியாக நிரூபித்தார். பாடப்புத்தகம் சொல்கிறபடி மூன்றாவது கம்பின் நிழலை முதல் திசையிலும் இரண்டாவது திசையிலும் தனித்தனியே அளந்து மொத்தமாகக் கழித்தால் குப்பை சேருகிறது. அதற்குப் பதில், முதல் நிழலைக் கழித்துவிட்டு, மிஞ்சியதை எடுத்து அதிலிருந்து இரண்டாவது நிழலை அளந்து கழித்தால் சேதம் எவ்வளவோ குறைகிறது. காகிதத்தில் இரண்டும் ஒன்றே. மெஷினில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். இதற்கு 'திருத்தப்பட்ட கிராம்-ஷ்மிட்' என்று பெயர் வைத்தார்கள். அதிலும் திருப்தி இல்லையா? முழுக் கழித்தலையும் இன்னொரு முறை செய்துவிடு. இரண்டு தடவையே போதும் என்று பிறகு வந்தவர்கள் காட்டினார்கள். நம்ம வீடுகளில் அரிசி களைகிற மாதிரி.

2009-ல் ஜூலியன் லாங்கு என்கிற கணிதவியலாளர் லாப்லாஸின் அந்தப் பழைய அனுபந்தத்தை இங்கிலீஷில் மொழிபெயர்த்து, வரி வரியாக இன்றைய கணிதத்தில் வைத்துப் பார்த்தார். லாப்லாஸ் ஒவ்வொரு கம்பாக நீக்கிவிட்டு, மிஞ்சியதிலிருந்தே அடுத்ததை நீக்கினார் என்றேன் அல்லவா? அது 'திருத்தப்பட்ட' முறை! கிராம் பிறப்பதற்கு முப்பது வருஷம் முன்பே, யாரும் திருத்துவதற்கு முன்பே, கிழவர் திருத்தமாகத்தான் செய்திருக்கிறார்.

சரி, பந்தயம்?

1830-களில் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் ஏரி என்கிற வானவியலாளர் வேறு வழியில் வந்தார். சனியை விட்டுவிட்டு, வியாழனைச் சுற்றுகிற நிலவு ஒன்று எவ்வளவு தூரத்தில் சுற்றுகிறது என்று டெலஸ்கோப்பில் பொறுமையாக அளந்தார். கிட்டத்தட்ட 1,047-ல் ஒரு பங்கு என்று வந்தது. இன்றைக்கு விண்கலங்கள் பக்கத்திலேயே போய்ப் பார்த்துச் சொல்வதும் அதே 1,047-தான். லாப்லாஸின் 1,071-ல் இரண்டு சதவிகிதத்துக்கும் மேல் தப்பு. பத்து லட்சத்துக்கு ஒன்று என்று மார்தட்டிய பந்தயம் தோற்றது. சனியில் மட்டும் ஜெயித்தார். இப்போதைய கணக்கு 3,498-ல் ஒரு பங்கு, வித்தியாசம் அரை சதவிகிதம்கூட இல்லை.

செங்குத்தாக்குகிற முறையில் கோளாறு இல்லை. 129 பிழைகளும் தாறுமாறாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் விழுந்தவை என்று நம்பித்தான் அந்த நிகழ்தகவுக் கணக்கு நிற்கிறது. சமன்பாடுகளே எல்லாமாகச் சேர்ந்து ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் அதைக் கண்டுபிடிக்க அதற்கு வழி கிடையாது. மூலைமட்டம் சுவரை நேராக்கும், தவறான மனையில் கட்டுகிறோம் என்று சொல்லாது.

லாப்லாஸ் 1827 மார்ச்சிலேயே காலமாகிவிட்டார். பணத்தைக் கேட்க யாருமில்லை.